அண்ணாவும் நானூற்றுப் பன்னிரண்டு நிக்கல் காசுகளும்

எங்கள் அண்ணா சாவகச்சேரியில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு தங்கையாக நான். எங்கள் தந்தையார் தபால் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். அண்ணாவுக்குப் பதினெட்டு வயதாக இருந்தபோது மாரடைப்பால் காலமானார். அன்றிலிருந்து வீட்டின் பொறுப்பு முழுவதும் அண்ணாவின் தலையில் விழுந்தது. அந்த நாள் முதல் அண்ணா நிம்மதியாக ஒரு பிடி சோறு சாப்பிட்டதை நான் கண்டதில்லை.

அண்ணா பயந்த சுபாவம் உள்ளவர். இதை எழுதுவது அவரைக் குறைவுபடுத்த அல்ல. அவரோடு பழகிய எல்லோருக்கும் இது தெரியும். கதவைப் பூட்டிவிட்டுக் கார் வரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். ஒரு கடிதத்தைத் தபாலில் போட்டால் அது போய்ச் சேர்ந்த செய்தி வரும் வரைக்கும் அதைப் பற்றியே கதைத்துக்கொண்டிருப்பார். போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளில் நின்று பழகிய உடம்பு அது. எந்தச் சீருடையைக் கண்டாலும் கை தானாகச் சட்டைப் பையில் அடையாள அட்டையைத் தேடும். ஓக்லாந்துக்கு வந்து பல ஆண்டுகள் ஆகியும் அந்தக் கை அப்படியேதான் இருந்தது.

அவர் முதலில் வந்தார். மங்கரேயில் ஒரு கோழி இறைச்சித் தொழிற்சாலையில் குளிர் அறையில் நின்றார். பிறகு உரிமம் எடுத்து பஸ் சாரதியானார். மனுரேவாவில் இரண்டு அறை வீடொன்றை வாடகைக்கு எடுத்து என்னைக் கூப்பிட்டார். நான் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலைக்குச் சேர்ந்தேன். அம்மா மட்டும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தார். அம்மாவை இங்கே எடுப்பது ஒன்றுதான் அப்போது எங்கள் வீட்டின் பேச்சு.

பஸ்ஸில்தான் அண்ணாவுக்கு அந்த ஆசை தொற்றியது. அப்போது பயணிகள் கட்டணத்தைச் சில்லறையாகவே கொடுப்பார்கள். இந்த நாட்டின் பழைய ஷில்லிங்கும் சிக்ஸ்பென்ஸும், டாலரும் சதமும் வந்த பிறகும் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தன. அளவு ஒன்றாக இருந்ததால் ஷில்லிங் பத்துச் சதமாகவும் சிக்ஸ்பென்ஸ் ஐந்து சதமாகவும் கைமாறின. அண்ணா அவற்றைக் கண்டால் எடுத்து வைத்துக்கொள்வார். வேலை முடிந்து பணத்தை டிப்போவில் ஒப்படைக்கும் முன், தன் சொந்தப் பணப்பையிலிருந்து அதே பெறுமதிக்கு வேறு சில்லறையை வைத்துவிடுவார். ஒரு சதம் கூடக் குறைத்ததில்லை. இதில் பிழை இருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் பயந்த அண்ணா பயப்படாமல் செய்த ஒரே காரியம் அதுதான்.

பழைய வெள்ளிக் காசுகளை யாரோ எப்போதோ பொறுக்கி எடுத்துவிட்டார்கள். மிஞ்சியவை செம்பும் நிக்கலும் கலந்த காசுகள். ஷில்லிங்கில் குந்தியிருக்கும் மாவோரி வீரன், சிக்ஸ்பென்ஸில் ஹூயா என்ற, இப்போது உலகத்திலேயே இல்லாத ஒரு பறவை. மறுபக்கம் இளவயது மகாராணி. பலவற்றில் மகாராணியின் காது கூடத் தேய்ந்து மறைந்திருக்கும். அண்ணா சனிக்கிழமைகளில் அவற்றைப் பிளாஸ்டிக் பைகள் கொண்ட ஓர் ஆல்பத்தில் ஒவ்வொன்றாக இடுவார்.

"இதுகளுக்கு ஏதும் விலை இருக்கோ அண்ணா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தேய்ஞ்ச நிக்கல் குத்திக் காசுக்கு ஆர் விலை தரப்போகினம்? அதுதான் எனக்கு நிம்மதி. ஒருத்தரும் களவெடுக்க வராயினம்" என்று சிரித்தார்.

அம்மாவின் நிரந்தர வதிவிட விசாவுக்கு விண்ணப்பித்து, அண்ணாவின் நிறுவனம் தரும் வேலை உறுதிக் கடிதம் ஒன்று மட்டும் கொடுக்க வேண்டியிருந்த நேரத்தில் அந்தப் பிரச்சினை வந்தது. இடைவேளையில் பஸ்ஸுக்குள் இருந்து அண்ணா பூதக்கண்ணாடியால் காசுகளைப் பார்ப்பதைக் கண்ட ஒருவர் மேலதிகாரியிடம் சொல்லியிருந்தார். டிப்போ மேலாளர் அண்ணாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் மெலே என்ற தொங்கா தீவு நாட்டுப் பெண்மணி. உயரமானவர், அதிகம் கதைக்காதவர். அண்ணா நடந்ததை அப்படியே சொன்னார். எத்தனை காசு என்று கேட்டதற்கு, நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதிக் கையொப்பமும் வைத்துவிட்டு வந்தார்.

நிறுவனம் அவரை வேலையிலிருந்து இடைநிறுத்தியது. மூன்று கிழமையில் விசாரணை. அன்று ஒரு நாணய வியாபாரி வந்து காசுகளை மதிப்பிடுவார். அவற்றின் விலை அண்ணா மாற்றி வைத்த சில்லறைக்குச் சமமாக இருந்தால், விதியை மீறியதற்கு எச்சரிக்கை. அதற்கு மேல் இருந்தால், அந்த மேலதிகம் நிறுவனத்தின் பணம். அது களவு. வேலை போகும், பொலிசுக்கும் போகலாம்.

நாணயம் சேர்க்கிற ஒரு மனிதர், தான் சேர்த்தது ஒன்றுக்கும் உதவாதது என்று யாராவது சொல்ல வேண்டும் என ஏங்கி நின்ற நாட்கள் அவை.

அண்ணா வேலைக்குப் போகாத நாட்களிலும் காலையில் எழுந்து சீருடைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொளுவி வைத்தார். வாசலில் கார் நின்றால் திரைச்சீலைக்குப் பின்னால் போய் நிற்பார். அம்மா கொழும்பிலிருந்து தொலைபேசியில் "கடிதம் குடுத்தாச்சோ தம்பி?" என்று கேட்கும்போது, "இந்தக் கிழமை குடுத்திடுவினம் அம்மா" என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைக்க மாட்டாமல் நிற்பார்.

நான் நூலகத்துக்குப் போய் நாணய விலைப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தேன். சமையலறை மேசையில் இருவரும் இருந்து பக்கம் பக்கமாகப் பார்த்தோம். புதிதாக, கை படாமல் இருந்தால் இவ்வளவு. கொஞ்சம் தேய்ந்திருந்தால் இவ்வளவு. நன்றாகத் தேய்ந்ததற்கு உள்ள நிரலில் விலைக்குப் பதிலாக வெறும் கோடு. ஆண்டுக்கு ஆண்டு, வரிக்கு வரி கோடு. ஒவ்வொரு கோட்டையும் விரலால் தொடத் தொட என் மூச்சு இலேசாகிக்கொண்டு வந்தது. சிக்ஸ்பென்ஸ் பக்கம் வந்ததும் அண்ணா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அங்கே ஒரு வரியில் கோடு இல்லை. தொகை இருந்தது. ஐம்பதுகளில் அடித்த சில காசுகளில் மகாராணியின் தோளில் உடுப்பின் பட்டி தெரியும், சிலவற்றில் தெரியாது. ஒரு குறிப்பிட்ட ஆண்டின் பட்டி இல்லாத சிக்ஸ்பென்ஸ் அரிதானது, எவ்வளவு தேய்ந்திருந்தாலும் சேர்ப்பவர்கள் தேடுவார்கள் என்று எழுதியிருந்தது.

"இது உங்களிட்டை இருக்கோ?"

அண்ணா அந்த வரியில் விரலை வைத்தார். "ஓம். மூண்டாம் பக்கத்தில."

"தெரிஞ்சே எடுத்தனீங்கள்?"

"இல்லைப் பிள்ளை. எடுக்கேக்கை தெரியாது. பட்டி இல்லையெண்டு பிறகுதான் கண்டனான். விலை இருக்குமெண்டு இப்பத்தான் தெரியும்."

"அப்ப அதை எடுத்து வையுங்கோ. ஒரு காசுதானே. ஆருக்குத் தெரியப்போகுது?"

"என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்லை. அம்மாவை நினைச்சா வாய் திறக்க ஏலாது. திறக்காட்டி, நாளைக்கு அம்மா வந்து இறங்கேக்கை அவவின்ரை முகத்தைப் பாக்க ஏலாது." ஆல்பத்தை மூடி அலுமாரியில் வைத்தார். அன்றிலிருந்து விசாரணை நாள் வரைக்கும் அதைத் திறக்க அவருக்குத் துணிவு வரவில்லை.

இனி எழுதப்போவதை நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒருவருக்கும் சொன்னதில்லை.

அண்ணா சொல்லிவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஆகவே மறுநாளிலிருந்து நான் சந்தியில் இருந்த, இங்கே டெயரி என்று சொல்லும் சில்லறைக் கடைக்குப் போகத் தொடங்கினேன். பால், பாண், நெருப்புப்பெட்டி என்று தேவையில்லாததை எல்லாம் ஒவ்வொன்றாக வாங்கி, மிச்சத்தை ஐந்து சதமாகத் தரும்படி கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ ஒரு சிக்ஸ்பென்ஸ் வந்தது. தோளில் பட்டி உள்ள, கோடு போட்ட, விலையே இல்லாத காசு. அண்ணா முடிவெட்டப் போயிருந்த நேரம் பார்த்து ஆல்பத்தின் மூன்றாம் பக்கத்தைத் திறந்து இதை வைத்து அதை எடுத்தேன். எண்ணிக்கை நானூற்றுப் பன்னிரண்டு அப்படியே இருந்தது. எடுத்த காசைக் கடதாசிக் கைக்குட்டையில் சுற்றி என் கைப்பையின் அடியில் வைத்தேன். எறிந்துவிடத்தான் நினைத்தேன். அதற்கும் பயம். எறிந்த இடத்தில் யாராவது கண்டெடுத்துவிடுவார்களோ என்று தோன்றியது.

விசாரணைக்கு அண்ணாவோடு நானும் போனேன். என்னை வெளியே விறாந்தையில் இருக்கச் சொன்னார்கள். அறைக் கதவில் ஒரு கண்ணாடித் துண்டு இருந்தது. கதவு முழுதாகச் சாத்தப்படவும் இல்லை. உள்ளே மெலே, தொழிற்சங்கப் பிரதிநிதி, வியாபாரி, அண்ணா நால்வரும் இருந்தார்கள். வியாபாரி வயதானவர். கண்ணில் ஒரு சிறு வில்லையை வைத்துக்கொண்டு வேகமாகப் பக்கங்களைப் புரட்டினார். அரை மணித்தியாலம் கூட ஆகியிராது, ஆல்பத்தை மூடிவிட்டார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"எல்லாம் தேய்ந்தவை. வெள்ளி ஒன்றும் இல்லை, நிக்கல்தான். இப்படிப்பட்டவற்றைக் கடையில் ஒரு வாளியில் போட்டு வைத்திருக்கிறேன். பிள்ளைகள் வந்தால் ஒரு கை அள்ளிக் கொடுப்பேன். இவர் மாற்றி வைத்த சில்லறைக்கு மேல் இதற்குப் பெறுமதி கிடையாது."

தொழிற்சங்கப் பிரதிநிதி கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார். மெலே கோப்பை மூடினார். கண்ணாடிக்கு வெளியே நான் இரு கைகளாலும் என் வாயைப் பொத்திக்கொண்டேன். முடிந்தது என்று நினைத்தேன். அம்மா வந்துவிடுவார்.

அப்போது அண்ணாவின் குரல் கேட்டது. "ஒன்று அப்படி இல்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரு சிக்ஸ்பென்ஸ். தோளில் பட்டி இல்லாதது. தயவுசெய்து அதைப் பாருங்கள்."

வியாபாரி மறுபடி திறந்தார். மூன்றாம் பக்கத்துக் காசை வெளியே எடுத்து வில்லையில் பார்த்தார். "பட்டி இருக்கிறதே" என்றார்.

மெலே மூடிய கோப்பைத் திறந்தார். இல்லாத காசைச் சொன்னதால், அதை ஒளித்தவராகவும் அண்ணா ஆகிவிட்டார். அவருடைய கை சட்டைப் பையைத் தேடத் தொடங்கியது. பிறகு நின்றது. அவர் திரும்பிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். ஒரு நிமிடம் தரும்படி கேட்டு வெளியே வந்தார்.

"நீ எடுத்தனியே?"

நான் தலையாட்டினேன்.

"தா."

"அண்ணா, அவை பைலை மூடப் பாத்தவை. வேண்டாம். காணேல்லை எண்டு சொல்லுங்கோ. அம்மாவை நினையுங்கோ."

"பிள்ளை, தா எண்டு சொல்லுறன்."

அண்ணா என்னிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். கைப்பையின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கடதாசியைப் பிரித்து, காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது, அவர் சொன்னது.

"இது என்னிடம் இருந்தது. பயத்தில் நானே மாற்றி வைத்துவிட்டேன். மன்னியுங்கள்."

நான் எழுந்து போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இருந்த இடத்திலேயே இருந்துவிட்டேன். அண்ணா என்னைக் கோழை என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் எங்கள் இருவரில் உண்மையில் பயந்தவர் யார் என்று அன்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வியாபாரி அந்தக் காசை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அசல்தான் என்றார். ஆனால் மிகவும் தேய்ந்தது, விளிம்பிலும் ஒரு வடு. வாங்க ஆள் கிடைத்தால் ஒரு சாரதியின் ஒரு நாள் சம்பளம் கிடைக்கலாம் என்றார். அந்த ஒரு நாள் சம்பளத்துக்காகத்தான் மூன்று கிழமை நாங்கள் செத்துப் பிழைத்தோம்.

அண்ணா மனுரேவா வரைக்கும் காரை ஓட்டினார். வீட்டு வாசலில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "அம்மாவுக்குச் சொல்லாதை" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. ஏன் செய்தாய் என்று கேட்கவும் இல்லை.

நான்கு நாள் கழித்து முடிவு வந்தது. தானே முன்வந்து சொன்னதால் வேலை போகவில்லை, கடைசி எழுத்து மூல எச்சரிக்கை. சிக்ஸ்பென்ஸை நிறுவனம் எடுத்துக்கொண்டது. மற்றவை திரும்பி வந்தன. அண்ணா வேலைக்குப் போனார். வேலை உறுதிக் கடிதமும் அனுப்பப்பட்டிருந்தது. அடுத்த குளிர்காலத்துக்கு முன் அம்மா வந்து இறங்கினார். விமான நிலையத்தில் அம்மாவைக் கண்டதும் அண்ணா கேட்ட முதற் கேள்வி, "பாஸ்போட் பத்திரமோ?" என்பது.

ஆனால் கதை அதற்குள் வெளியே போய்விட்டது. அண்ணாவின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சிலர் அதைக் கேட்டிருப்பீர்கள். பஸ் காசில் விலையுள்ளதை ஒளித்துப் பிடிபட்டவர் என்று கோயிலிலும் கலியாண வீடுகளிலும் கதைத்தார்கள். அப்போது அண்ணாவுக்கு ஒரு கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெண் வீட்டார் பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. அதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். அண்ணா ஒன்றையும் மறுக்கவில்லை. மறுத்தால் என் பெயரைச் சொல்ல வேண்டி வரும். பிறகு அவர் கலியாணமே செய்யவில்லை.

எனக்குக் கலியாணம் ஆனது. பிளாட் புஷ் பகுதியில் நானும் கணவரும் கடன் எடுத்து வாங்கிய வீட்டுக்கு அண்ணாவும் அம்மாவும் எங்களோடு வந்தார்கள். என் மகள் ஆங்கிலத்திலேயே கதைப்பாள். அண்ணா தமிழிலேயே பதில் சொல்வார். இருவருக்கும் ஒரு குறையும் இருக்கவில்லை. அவள் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்ததும் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அண்ணா ரயில் நிலையத்துக்கே போய்விடுவார். அறுபத்திரண்டு வயதில் இதயம் பலவீனமாகி ஓய்வு பெற்றார். கடைசி ஐந்து மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தார். வார்டில் கூட, பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குச் சாப்பாடு வந்ததா என்று தாதியரை விசாரித்துக்கொண்டிருந்தார். ஒரு வியாழக்கிழமை மத்தியானம், அம்மா கையைப் பிடித்திருக்க, அமைதியாகக் காலமானார். அவரை நான் அவ்வளவு அமைதியாகக் கண்டது அதுதான் முதல் தடவை.

இறுதிக் கிரியைக்கு மெலே வந்திருந்தார். இப்போது அவர் ஊன்றுகோலில் நடக்கிறார். மலர் வைத்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அந்தக் கதவில் கண்ணாடி இருந்தது. உனக்கு உள்ளே தெரிந்ததைப் போல எனக்கு வெளியே தெரிந்தது" என்றார்.

நான் கதிரை ஒன்றை இழுத்து அவரை இருக்கச் சொன்னேன்.

"உன் பையிலிருந்து நீ எடுத்துக் கொடுத்ததை நான் பார்த்தேன். தன்னிடம் இருந்தது என்று அவர் சொன்னபோது நான் ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் அம்மாவுக்கான கடிதத்தை அன்று பின்னேரமே கையொப்பமிட்டு அனுப்பினேன். முடிவு வர நான்கு நாள் எடுத்தது. கடிதத்துக்கு நான்கு நாள் தேவைப்படவில்லை; வேலை போனாலும் அது முன்பே போய்விட்டிருக்கும். எனக்கும் ஒரு அண்ணா இருந்தார்."

சென்ற கிழமை ஆல்பத்தை எடுத்துக்கொண்டு நகரத்தில் உள்ள ஒரு நாணயக் கடைக்குப் போனேன். விற்பதற்கு அல்ல. அதற்குள் விலையுள்ள இன்னொரு காசு இருந்துவிட்டால், அண்ணா தெரிந்தே வைத்திருந்தார் என்று மறுபடியும் யாராவது சொல்வார்களே என்ற பயம். கடைக்காரப் பெண் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தார். "மன்னிக்க வேண்டும், எல்லாம் உலோக நிறைக்குத்தான் விலை போகும்" என்றார் அவர். நான் அவருடைய கையைப் பிடித்து நன்றி சொன்னேன். அவர் திகைத்துப்போனார்.

அண்ணா நோயுற்றிருந்த காலத்தில் உணவு சமைத்து வந்த மனுரேவா நண்பர்களுக்கும், தம் வேலை நேரத்தை மாற்றி வந்து அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கிய பஸ் சாரதிகளுக்கும், இரவு பகல் பாராது பார்த்த வைத்தியர், தாதியருக்கும், கிரியைகளை நடத்தித் தந்த குருக்களுக்கும், தூர இடங்களிலிருந்து அனுதாபம் தெரிவித்த உறவினருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மெலே அவர்களுக்கு நான் தனியாகக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு இப்போது எண்பத்தாறு வயது. நான் செய்ததை அவர் அறிந்தது அப்போதுதான். கடைசி வரி வரை வாசித்தேன். நான் கடதாசிகளை மடித்தேன்.

"அம்மா, இதைப் போடாமல் விடட்டோ? வேறை ஏதும் எழுதுறன்."

"போடு பிள்ளை" என்றார் அம்மா. "அவன் செய்யாததை அவன்ரை பேரில விட்டுட்டு என்னால சாக ஏலாது."